கருகிய சப்வூஃபருக்கு வாரண்டி மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் 12 இன்ச் சப்வூஃபரையும் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதை இயக்கும் மோனோ ஆம்பிளிஃபயரையும் (ஆம்ப்) வேலூரில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கினேன். காரில் பொருத்தியதும் அந்தக் கடை ஊழியர்தான். வாரண்டி முடிவதற்குள்ளேயே வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் (coil) கருகிவிட்டது. சர்வீஸுக்குக் கொடுத்தால், அளவுக்கு மீறிய பவரால் வந்த சேதம், வாரண்டி கிடையாது என்று எழுதித் திருப்பிவிட்டீர்கள். அந்தப் பவரை ஏற்றி வைத்தது உங்கள் ஆள்.

பொருத்திய அன்று அவர் கெயின் திருகைக் கடைசி வரை திருப்பினார். தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டையும் முழுதாக ஏற்றினார். "நல்லா அதிரணும் சார்" என்றார். அப்புறம் திருகுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, வேறு யாராவது கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். நான் கொண்டுவந்தபோது அந்த ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது என்று உங்கள் சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டிலேயே எழுதியிருக்கிறது.

நீங்கள் மறுத்த பிறகு, காட்பாடியில் இந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் ஆம்பைக் காட்டினேன். கெயின் என்பது வால்யூம் கிடையாது. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஆம்பை ஒத்துப்போகச் செய்யும் திருகு. என் ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் போகும் ஆர்சிஏ அவுட்புட் 4 வோல்ட். ஆனால் திருகு நின்றது, மிகப் பலவீனமான சிக்னலுக்கான 0.2 வோல்ட் முனையில்! பூஸ்ட் 12 டெசிபல், அதாவது பூஸ்ட் வேலை செய்யும் அலைவரிசையில் ஆம்பிடம் கேட்கும் பவர் சுமார் 16 மடங்கு. ஏற்கெனவே முழு அளவில் ஓடும் எந்த ஆம்பாலும் அதைக் கொடுக்க முடியாது. அலையின் உச்சி வெட்டுப்பட்டுத்தான் வெளியே வரும், காயில் சூடேறும்.

வூஃபர் 300 வாட், 4 ஓம். கணக்குப்படி 34.6 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. காட்பாடிக்காரர் வூஃபரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டர் வைத்து அளந்தார். 46 வோல்ட் காட்டியது. அது 500 வாட்டையும் தாண்டுகிறது. அவர் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி, கெயினைக் குறைத்து, தாழ்ந்த ஒலியை மட்டும் உள்ளே விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். மல்டிமீட்டர் இருந்தால் சில நிமிட வேலை. அதை உங்கள் டீலர் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வேலூர் வெயிலும் காரணமாக இருக்கலாம் என்று உங்கள் ஊழியர் வாய்மொழியாகச் சொன்னார். இங்கே கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது ஊரறிந்த விஷயம். தெரிந்துதானே இங்கே விற்கிறீர்கள்?

வூஃபரைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால், டீலர் வைத்த செட்டிங் எப்படி என் தவறாகும் என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். பெட்டியில் வரும் கையேட்டில் கெயின் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் முறையான விளக்கம் சேர்த்து, பொருத்துகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுங்கள். என்னைப் போல் காசு சேர்த்து ஆசையாக வாங்குகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், ஜாப் கார்டு, ஸ்டிக்கர் மற்றும் மீட்டர் அளவின் படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்