குத்து வாங்குனவங்க சொல்றத கேளுங்க, ஷேவர்ஸ் தான் முதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல ஹெவிவெயிட் பாக்ஸிங்ல பலமா குத்துன பத்து பேருன்னு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க. முதல்ல டைசன், அடுத்து ஃபோர்மேன், அப்புறம் வைல்டர், ஜோ லூயிஸ், மார்சியானோன்னு போகுது, கடைசி வரி வரைக்கும் தேடிட்டேன், 1970கள்ல ஆடுன அமெரிக்க ஹெவிவெயிட் எர்னி ஷேவர்ஸ் பேரே இல்ல. மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்க காலைல கூடுற டீக்கடைல அன்னைக்கு பேப்பர் கைமாறி கைமாறி மடிப்புல கிழிஞ்சே போச்சு, ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லி சத்தம் போட்டாங்க, ஆனா பழைய சண்டையெல்லாம் தேடித் தேடி பாக்கறவங்க எல்லாருக்கும் இந்த ஒரு பேரு விட்டுப்போனதுதான் மனசு ஆறல.

யாரு பெரிய பாக்ஸர்ங்கறது ஒரு கேள்வி, யாரு குத்து கனமான குத்துங்கறது இன்னொரு கேள்வி. உங்க கட்டுரைல ரெண்டையும் போட்டு குழப்பியிருக்கு. டைசன் 1986 நவம்பர்ல 20 வயசுல பெர்பிக்க ரெண்டாவது ரவுண்டுல சாய்ச்சு சாம்பியன் ஆனாரு, 1988ல மைக்கேல் ஸ்பிங்ஸ 91 செகண்டுல முடிச்சாரு, இத யாரு மறுக்கப்போறா. ஆனா அவரோட பெரிய ஆயுதம் வேகம். ஒரு குத்து வந்தத எதிராளி உணர்றதுக்குள்ள அடுத்தது வந்து உக்காந்துடும், கண்ணுல படாத குத்துதான் ஆள கவுக்கும். அதே டைசன் நல்ல ஃபார்ம்ல இருந்தப்பவே டில்லிஸும் மிட்ச் கிரீனும் 1986ல ஆளுக்கு 10 ரவுண்டு நின்னாங்க, போன்கிரஷர் ஸ்மித்தும் டோனி டக்கரும் 1987ல 12 ரவுண்டு முழுசா நின்னாங்க, இத நீங்க எழுதவே இல்லயே.

மெஷின்ல அளந்தா தெரிஞ்சுடுமேன்னு கடைல ஒரு தம்பி கேட்டான். அளந்திருக்காங்க. 1985ல இங்கிலாந்துல ஃபிராங்க் புரூனோவோட குத்த அளந்தாங்க, கை செகண்டுக்கு கிட்டத்தட்ட 9 மீட்டர் வேகத்துல போய் சுமார் 400 கிலோ எடை அழுத்தற அளவுக்கு அடிச்சிருக்கு. சரி, அது புரூனோ கணக்கு. 1938 லூயிஸையும் 1973 ஃபோர்மேனையும் ஒரே மெஷின் முன்னாடி கொண்டாந்து நிறுத்த முடியுமா? முடியாது. அப்ப மிச்சம் இருக்கற சாட்சி வாங்குனவங்கதான், அதுலயும் ஷேவர்ஸ்கிட்டயும் உங்க பட்டியல்ல இருக்கறவங்ககிட்டயும் வாங்குனவங்க சொல்றதுக்குத்தான் மதிப்பு.

லாரி ஹோம்ஸ் 1988ல டைசன்கிட்ட நாலாவது ரவுண்டுல விழுந்தவரு, ஷேவர்ஸ் கூட ரெண்டு தடவ மோதினவரு. யாரு குத்து பெருசுன்னு கேட்டப்பல்லாம் ஷேவர்ஸ்னுதான் சொல்லியிருக்காரு. டில்லிஸும் ரெண்டு பேரு கூடவும் 10 ரவுண்டு ஆடுனவரு, ஷேவர்ஸ் குத்து விழுந்தப்ப காதுல சாக்ஸபோன் கேட்டுச்சு, எலிங்க சுருட்டு பிடிக்கற மாதிரி கண்ணுல தெரிஞ்சுதுன்னு சொன்னவரு. ரான் லைல் ஃபோர்மேன் கூட 1976ல மாத்தி மாத்தி விழுந்து எழுந்து சண்ட போட்டவரு, அவரும் ஷேவர்ஸ் குத்துக்குத்தான் முதல் இடம் குடுக்கறாரு. இத்தனைக்கும் டில்லிஸும் லைலும் ஷேவர்ஸ ஜெயிச்சவங்க, ஹோம்ஸும் ரெண்டு தடவயும் ஜெயிச்சவரு, தோத்ததுக்கு சமாதானமா இத சொல்ல வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல.

1979 செப்டம்பர் 28 ஹோம்ஸ் சண்டையோட ஏழாவது ரவுண்ட தயவுசெஞ்சு ஒருக்கா பாருங்க. அதுவரைக்கும் ஹோம்ஸ் ஜாப், அதாவது முன்னாடி இருக்கற கையால நேரா விடற குத்து, போட்டு போட்டு ஷேவர்ஸ் மூஞ்சிய ஒரு வழி பண்ணிட்டாரு, ஒரே ஒரு நொடி இடது கை கீழ எறங்குது, அதுக்கு மேல சுத்தி வருது அந்த வலது கை, ஹோம்ஸ் மல்லாக்க விழறாரு, விழற விதத்த பாத்தா எழுந்திருப்பாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எழுந்தாரு. 11வது ரவுண்டுல ஜெயிக்கவும் செஞ்சாரு. அது ஹோம்ஸோட நெஞ்சுரம், அந்தக் குத்துல குறை இல்ல.

முகமது அலி கதையும் அதேதான். 1977ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ரெண்டாவது ரவுண்டுலயே ஷேவர்ஸ் குத்துல அலிக்கு கால் தள்ளாடிடுச்சு, கண்ண உருட்டி வேடிக்கை காட்டி மறைச்சாரு, நடிக்கறாருன்னு நெனச்சு ஷேவர்ஸ் உள்ள போகாம நின்னுட்டாரு. 15 ரவுண்டு முடிஞ்சு பாயிண்ட்ல அலி ஜெயிச்சாரு, ஆனா ஆப்பிரிக்கால இருக்கற என் சொந்தக்காரங்களுக்கே அதிர்ந்துச்சுன்னு அந்த குத்த பத்தி சொன்னது அலியேதான். அந்த சண்டைக்கு அப்புறம் அலியோட டாக்டர் ஃபெர்டி பச்சேகோ இனிமே முடியாதுன்னு விலகிட்டாரு.

நம்ம ஊரு ஆளுங்களுக்கு ஒரு தொடர்பும் இருக்கு. 1980ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல கண்காட்சி சண்ட போட்டாரு, எதிர்ல நின்னது ஜிம்மி எல்லிஸ், ஒரு காலத்துல ஹெவிவெயிட் பட்டம் வச்சிருந்தவரு. எங்க சித்தப்பா தஞ்சாவூர்லேருந்து ரயிலேறி போய் பாத்துட்டு வந்து வருஷக்கணக்கா அதயே பேசிக்கிட்டிருந்தாரு. அந்த எல்லிஸ 1973ல முதல் ரவுண்டுலயே படுக்க வச்சவரு ஷேவர்ஸ். கென் நார்ட்டனையும் 1979ல முதல் ரவுண்டுல முடிச்சாரு, அதே நார்ட்டன முடிக்க ஃபோர்மேனுக்கே ரெண்டு ரவுண்டு ஆச்சு.

இந்த பலம் எங்கேருந்து வருதுன்னா, கையிலேருந்து இல்ல. இங்க நெல் கொள்முதல் நிலையத்துல லோடுமேன் அண்ணங்க லாரிக்கு மூட்டை ஏத்தறத பாத்திருப்பீங்க, குதிகால ஊனி இடுப்ப ஒரு வெட்டு வெட்டுவாங்க, மூட்டை தானா போய் அடுக்குல உக்காரும், கை சும்மா வழி காட்டும் அவ்ளோதான். ஷேவர்ஸோட வலது கை அப்படித்தான் கிளம்பும். ஆளு சுமார் 95 கிலோதான், கோடாலி எடுத்து மரம் வெட்டி பயிற்சி எடுத்தவரு. 74 வெற்றி, அதுல 68 நாக்அவுட்.

மூச்சு சீக்கிரம் வாங்கும், தாடையும் அவ்வளவு உறுதி இல்ல, ஜெர்ரி குவாரி முதல் ரவுண்டுலயே சாய்ச்சிருக்காரு. அதனாலதான் சாம்பியன் ஆகல. ஆனா உங்க தலைப்பு சாம்பியன் பட்டியல் இல்லயே!

ரெண்டாவது ஃபோர்மேன், அதுல எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்ல, 1973ல கிங்ஸ்டன்ல ஃப்ரேசியர ரெண்டு ரவுண்டுக்குள்ள ஆறு தடவ கீழ போட்டாரு, 1994ல 45 வயசுல, அப்ப சாம்பியனா இருந்த மூரர ஒரு குட்டைக் குத்துல படுக்க வச்சாரு. மூணாவது என் கணக்குல லூயிஸ், 1938ல ஷ்மெலிங்க அடிச்ச அடில முதுகெலும்புல ஒரு பகுதியே உடைஞ்சு அவரு ஆஸ்பத்திரில கிடந்தாரு. வைல்டர அவ்வளவு மேல வச்சத மட்டும் ஏத்துக்க முடியல, நல்ல வலது கைதான், ஆனா நாக்அவுட் ஆனவங்க பேர எழுதிப் பாருங்க, ஒர்டிஸ், ஸ்டிவர்ன் மாதிரி ஒண்ணு ரெண்டு தவிர பெரிய தலை கம்மி.

ஷேவர்ஸ் 2022 செப்டம்பர் 1ஆம் தேதி காலமானாரு, அப்ப நம்ம தமிழ்ப் பேப்பர் எதுலயும் என் கண்ணுல ஒரு வரி படல. அடுத்த ஞாயித்துக்கிழமை அரைப் பக்கம் அவருக்கு ஒதுக்குங்க சார், ஏழாவது ரவுண்டு படத்தோட.

இப்படிக்கு
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
மன்னார்குடி