தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு அடித்தொகையும் கூட்டுக் கொள்முதலும் கோரும் மனு

அனுப்புநர்:
நூலகப் பொறுப்பாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்க நூலகக் குழுவினர்,
தமிழ்ப்பள்ளிகள், பினாங்கு.

பெறுநர்:
மாநிலக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பினாங்கு மாநிலக் கல்வி இலாகா.

பொருள்: நூலக ஒதுக்கீட்டை மாணவர் தலைக்கணக்கிலிருந்து பிரித்தல், தமிழ் நூல்களைக் கூட்டாக வாங்குதல், பயனற்ற நூல்களைக் கழித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளும் அடங்கும். நூலகத்துக்கு வரும் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற மானியக் கணக்கைச் சார்ந்தது. தாள், பேனா போன்றவற்றுக்கு இக்கணக்கு சரி. 60 பிள்ளைகளுக்கு 60 தாள், 600 பிள்ளைகளுக்கு 600 தாள். நூலகத்தில் அது பொய்த்துவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஒன்றாம் ஆண்டுக் குழந்தை 16 பக்கப் படக்கதையை ஒரே நாளில் முடித்துவிடும். வாரத்துக்கு மூன்று என்று வைத்தாலும் 40 பள்ளி வாரங்களில் 120 தலைப்புகள் வேண்டும். அந்தக் குழந்தையின் வகுப்பில் ஏழு பேர் இருந்தாலும் முப்பத்தைந்து பேர் இருந்தாலும் தலைப்புகளின் எண்ணிக்கை குறையாது, படிகளின் எண்ணிக்கைதான் குறையும்.

இஃப்லா எனப்படும் அனைத்துலக நூலகக் கூட்டமைப்பு, யுனெஸ்கோவுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டி இதைக் கவனத்தில் கொண்டிருந்தது. மாணவருக்கு 10 நூல் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு சிறிய பள்ளியாயினும் 2,500க்குக் குறையக்கூடாது என்றும் சேர்த்தது. 120 பேர் படிக்கும் பள்ளிக்குத் தலைக்கணக்கு 1,200 நூல்தான் தரும். மீதி 1,300ஐ யார் வாங்குவது என்பதே இந்த மனுவின் கேள்வி.

ஆகவே, மாணவர் எண்ணிக்கை எதுவானாலும் ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் அடித்தொகையாக ஒதுக்கி, அதற்கு மேல் தலைக்கணக்கை வைக்குமாறு வேண்டுகிறோம். இத்தொகை வந்த வழி இது. 2,500 நூல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தோ காலாவதியாகியோ போகும் என்று கொண்டால் 250 நூல்களை மாற்ற வேண்டும். நூலுக்குச் சராசரி 15 ரிங்கிட் என்றால் 3,750. கப்பல் கூலிக்கும் துறைமுகச் செலவுக்கும் பள்ளியின் பங்கு 450. மேலுறை, முதுகுச் சீட்டு, பட்டைக்குறிக்கு நூலுக்கு ஒன்றரை ரிங்கிட் வீதம் 375. பழுது பார்க்கும் பசை, துணி நாடாவுக்கு 125. சிறுவர் இதழ்களுக்கு 300. வழக்கமாக நூல் விலை மட்டும் திட்டத்தில் இடம்பெறும், மற்றவை விடுபடும். பிறகு உறையில்லாத நூல் ஆறே மாதத்தில் கிழியும், கிழிந்ததைச் செலோடேப் கொண்டு ஒட்டுவார்கள். அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அடுத்தது கொள்முதல். மலாய், ஆங்கில நூல்களை உள்ளூரிலேயே வாங்கலாம், பொது நூலகத்திலும் எடுக்கலாம். சிறுவர் தமிழ் நூல்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வர வேண்டியவை. ஒரு பள்ளியின் 250 நூலும் மெல்லியவை என்பதால் முப்பது, நாற்பது கிலோவுக்குள் அடங்கும். கொள்கலனில் இடத்தைப் பகிர்ந்து அனுப்பும் சரக்குக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. நாற்பது கிலோ அனுப்பினாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும், விமானத்தில் அனுப்பினால் கூலி இன்னும் ஏறும். 28 பள்ளிகளும் சேர்ந்தால் 7,000 நூல், ஏறக்குறைய ஒரு டன். அப்போது நூலுக்கு நூல் கப்பல் கூலி வெகுவாகக் குறையும்.

இதில் காலமும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி பொதுவாகப் பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கிறது, புதிய வெளியீடுகள் அப்போதுதான் குவியும். பிப்ரவரியில் பட்டியலை முடித்தால் இரண்டாம் பருவத்துக்குள் நூல்கள் அலமாரிக்கு வந்துவிடும். பணம் தாமதமாக வந்து, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்ற நெருக்கடி ஏற்பட்டால் நடப்பது வேறு: விற்பனையாளர் வேனில் ஏற்றி வருவதே நூலகமாகிவிடும். அதில் பாதி பயிற்சி நூல்கள், பதில் எழுதி முடித்ததும் குப்பைக்குப் போகிறவை. மீதியில் தெனாலிராமனும் மரியாதைராமனும் பீர்பாலும் அட்டை மாறி, பதிப்பகம் மாறி, நாற்பது வடிவங்களில் வருவார்கள். உரிமைத்தொகை கேட்கும் ஆசிரியர் இல்லாத கதைகள் என்பதால் எவரும் அச்சிடலாம். ஒரு பிரதி போதும், ஆறு வேண்டாம். எனவே கூட்டுக் கொள்முதலுக்கான தொகை ஜனவரியிலேயே கையில் இருக்க வழிசெய்ய வேண்டும். தலைப்புகளை விற்பனையாளர் அல்லாத ஆசிரியர் குழு முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொண்டு இரட்டிப்பைச் சரிபார்க்கவும் வேண்டும்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை சில. முதல் இரண்டு ஆண்டுகளுக்கான நூலில் எழுத்து பெரிதாகவும் சொற்களுக்கிடையே நல்ல இடைவெளியோடும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம். பசையால் மட்டும் ஒட்டிய முதுகைவிட நூலால் தைத்த கட்டு இங்கே நெடுநாள் நிற்கும். மேலே சொன்ன இஃப்லாவின் 2002 வழிகாட்டி, இருப்பில் 60 விழுக்காடாவது பாடத்தோடு தொடர்புடைய தகவல் நூல்கள் இருக்க வேண்டும் என்றது. நான்காம் ஆண்டுக்கு மேல் அதை ஏற்கிறோம். அதற்குக் கீழே கதைக்கே முதலிடம் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளையிடம் தகவல் நூலைக் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடும். பணம் போதாத தலைப்புகளுக்கு இலவசமாகச் சிறுவர் கதைகளைத் தரும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தின் தமிழ்க் கதைகள் உதவும். உரிமம் அனுமதிப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு அச்சிட்டு மடிப்பில் தைத்துக்கொள்ளலாம். அவை வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பது கூடுதல் வசதி.

மூன்றாவது கோரிக்கை, பணம் கேட்காதது: கழிப்பதற்கு அனுமதி. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது, அதன் மாதிரித் தேர்வு நூல்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. புளூட்டோ 2006இல் கோள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, ஒன்பது கோள்கள் என்னும் அறிவியல் நூல்கள் இருக்கின்றன. தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான நன்கொடை நூல்களில் ‘லை’யும் ‘னை’யும் துதிக்கை போட்டு நிற்கும். பெரியவர்களுக்கு அது பழைய நண்பர், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கோ படிக்கவே தெரியாத எழுத்து. பதிவேட்டில் ஏறியது அரசுச் சொத்து என்பதால் இவற்றைக் கழிக்கத் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. தலைமையாசிரியர், நூலகப் பொறுப்பாசிரியர், வெளிப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆகிய மூவர் கையொப்பமிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை கழிக்கலாம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்தால் போதும். பழைய தமிழ் நூல்களில் அரியவை இருக்கக்கூடும், அவற்றைப் பொது நூலகத்திடம் ஒப்படைக்கும் விதியும் அதில் இருக்கட்டும்.

நூல் வந்த பிறகான வேலையும் உண்டு. பதிவு, வகைப்பாடு, உறை, சீட்டு எல்லாம் சேர்ந்து நூலுக்கு 20 நிமிடம் என்றால் 250 நூலுக்கு 83 மணி நேரம். முழுப் பாடவேளையும் எடுக்கும் ஆசிரியருக்கு இது முடியாத காரியம், ஆகவே பெட்டி திறக்கப்படாமலே கிடக்கும். கூட்டுக் கொள்முதலில் ஒரு தலைப்பை ஒருவர் ஒருமுறை பட்டியலிட்டால் மற்ற 27 பள்ளிகள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். கோப்பு யூனிகோடில் இருப்பது கட்டாயம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் கணினி மாறியதும் கிறுக்கலாகிவிடும். நூல்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்று தொடங்கும் எண்களில் விழுவதால், வாசிப்பு நிலைக்கு வண்ணச் சீட்டு தனியாக ஒட்ட வேண்டும். ஆசிரியர் பெயருக்குத் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இயற்பெயரின் முதல் எழுத்தைக் கொள்வது என்று மாநிலம் முழுவதும் ஒரே வழக்கம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் இருப்பார்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும். பினாங்கின் ஈரப்பதத்தில், பகலில் குளிர்சாதனம் ஓடி இரவில் நிற்கும் அறைகளில்தான் பூஞ்சை விரைவாகப் பிடிக்கிறது. குளிர்ந்திருந்த தாளின் மேல் ஈரக்காற்று படிவதே காரணம். புதிய குளிர்சாதனம் கேட்கும் விண்ணப்பங்களைவிட, ஈரம் நீக்கும் கருவிக்கும், அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி வைப்பதற்கும் முன்னுரிமை தர வேண்டுகிறோம்.

28 பள்ளிகளுக்கும் உடனே இயலாவிட்டால், தீவில் மூன்று, பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் மூன்று என ஆறு சிறிய பள்ளிகளில் அடுத்த நிதியாண்டு தொடங்கிப் பார்க்கலாம். ஆறு பள்ளிகளுக்கு 30,000 ரிங்கிட் ஆகும். பட்டியலின் மாதிரி வடிவமும் செலவுக் கணக்கும் எங்களிடம் தயாராக உள்ளன. அவற்றை நேரில் ஒப்படைக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்க நூலகக் குழுவினர்,
பினாங்கு.