நீலகிரிக்கு மரக்கன்றோடு வருகிற அன்பர்களுக்கு

வணக்கம்.

மழைக்காலம் பிறந்தால் வண்டி நிறையக் கன்றுகளோடு மலை ஏறுகிறீர்கள். உங்கள் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் பள்ளி நாட்களில் ஆசிரியர் கையில் கொடுத்த சீகை (வாட்டில்) மரக் கன்றை ஒரு புல்மேட்டில் நட்டுத் தண்ணீர் ஊற்றியவன்தான். அந்த மேட்டில் இன்று புல் இல்லை. அந்த உறுத்தலோடுதான் கேட்கிறேன்: புல்வெளியில் மரம் நடாதீர்கள்.

பள்ளத்தில் ஓடையை ஒட்டிச் சோலை எனும் அடர்ந்த குட்டைக் காடு, மேட்டில் புல். நீலகிரியின் உச்சிப் பகுதி இயல்பிலேயே அப்படித்தான். யாரோ வெட்டி மொட்டையாக்கிய மலை அல்ல அது. வெட்டவெளியின் உறைபனியில் சோலை மரத்தின் நாற்று கருகிவிடும். புல்லோ மேலே காய்ந்தாலும் அடியில் உயிரை வைத்திருந்து மழைக்குத் துளிர்க்கும். இது புரியாமல் வெள்ளைக்காரர்கள் புல்வெளியைத் தரிசு என்றார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்து இறங்கின. தோல் பதனிடப் பட்டை வேண்டும், விறகு வேண்டும் என்று விடுதலைக்குப் பிறகும் நாமே நட்டுக்கொண்டு போனோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும்; தீ பட்டால் கூட்டமாக எழும்.

எஞ்சிய புல்வெளியில் ஒரு நல்ல பங்கு முக்குருத்தி தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1990இல் தேசியப் பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர்தான். அங்குள்ள வரையாட்டைப் பற்றிப் பேச ஆள் உண்டு. நீலகிரி நெட்டைக்காலியைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, பழுப்பு நிறப் பறவை. தரையில், புல் குத்துக்குள் கூடு கட்டும். நாம் நெருங்கினால் குனிந்தபடி ஓடும். எழுந்தாலும் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி இறங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. சீகை ஏறிய இடத்தை அது கைவிடுகிறது. ஆனால் ஏறிப் போக அதற்கு மேலே மலை இல்லை.

புல்வெளி வேண்டியது பறவைக்கு மட்டுமல்ல. பவானி ஆறு பிறப்பதும் இந்தப் பக்கத்தில்தான். இந்த மலையின் பழங்குடிகளான தோடரின் கோயில் கூரைக்கும் இந்த மலைப்புல்தான் வேண்டும்.

உழைக்க ஆசையா? வனத்துறையிடம் அனுமதி வாங்கி, புல்வெளி ஓரத்தில் முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்க வாருங்கள். நடுகிற படம் கிடைக்காது, இடுப்பு வலி நிச்சயம் கிடைக்கும். பெரிய மரங்களில் கைவைக்க வேண்டாம். சில இடங்களில் அவற்றின் நிழலில் சோலை மரங்களே முளைத்து வருகின்றன, எதை வெட்டுவது என்பதைத் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். கொண்டுவந்த கன்றுகளை உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் வையுங்கள்.

மழை பெய்து மண் இளகிய நாளாகப் பார்த்து வாருங்கள்; அப்போதுதான் வேர் அறுபடாமல் வரும். பிடுங்கியதை வேர் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போடுங்கள். ஈரம் கண்டால் அது மறுபடியும் மண்ணைப் பிடிக்கப் பார்க்கும்.

இப்படிக்கு,
சீகை நட்ட பழைய மாணவன்