குறுங்காணொளிக்கு இசை சேர்க்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு சிறு கலைநிகழ்ச்சிகள் நடத்தும் தொண்டூழியர் குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். சென்ற பொங்கலன்று பிள்ளைகள் கோலமிட்டதையும் பானை பொங்கியதையும் ஒரு நிமிடக் காணொளியாகத் தொகுத்து, பின்னணியில் ஒரு திரைப்பாடலைச் சேர்த்து, குழுவின் சமூக ஊடகப் பக்கத்தில் ஏற்றினோம். மறுநாள் காலையில் படம் மட்டுமே ஓடியது. ஒலி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. பானை பொங்கிய நொடியில் பிள்ளைகள் ஒருசேர எழுப்பிய ‘பொங்கலோ பொங்கல்’ என்ற குரலும் அந்தப் பாடலோடு சேர்ந்து போய்விட்டது. பெற்றோர்கள் அதற்குள் ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் இணைப்பை அனுப்பியிருந்தார்கள். அனுமதி பெறாத பாடலைச் சேர்த்தது எங்கள் தவறுதான். ஆனால், அது தவறு என்று குழுவிலிருந்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

ஒரு திரைப்பாடலில் குறைந்தது இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது ஒன்று. அதைப் பாடி, இசைத்து, பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. பெரும்பாலும் இவை வெவ்வேறு தரப்பினரிடம் இருக்கும். காணொளியில் பாடலைச் சேர்க்க வேண்டுமானால் இரு தரப்பினரின் இசைவும் தேவை. நிகழ்ச்சி மண்டபத்தில் பாடலை ஒலிக்கவிடுவதற்காகப் பெறும் உரிமம் அந்த மண்டபத்து நிகழ்ச்சிக்கு மட்டுமே செல்லும். அதே நிகழ்ச்சியைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதற்கு அது அனுமதி ஆகாது. எங்கள் குழுவில் பலர் குழம்பியது இந்த இடத்தில்தான்.

செயலியே தரும் பாடல் பட்டியலிலிருந்துதானே எடுத்தோம், அதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிக்டாக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்கள் இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டே அந்தப் பாடல்களைத் தருகின்றன. ஆனால் தனிமனிதர் தம் சொந்தக் கணக்கில் பகிர்வதை மனத்தில் கொண்டே அந்த அனுமதி பெரும்பாலும் அமைந்திருக்கிறது. வணிக நோக்குடைய காணொளிகளுக்கென்று டிக்டாக் தனியாக ஓர் இசைத் தொகுப்பை வைத்திருப்பதும், இன்ஸ்டகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் ‘சவுண்ட் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பை வழங்குவதும் இதனால்தான். சிராங்கூன் சாலையில் புடவைக் கடை வைத்திருப்பவரும், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் அம்மையாரும் தம் பொருளைக் காட்டும் அரை நிமிடக் காணொளிக்குப் புத்தம்புதுத் திரைப்பாடலைச் சேர்க்கும்போது, அது விளம்பரமாகிவிடுகிறது என்பதை உணர்வதில்லை. மேலும், ஒரு தளத்தில் கிடைத்த அனுமதி அந்தத் தளத்தோடு நின்றுவிடும். அங்கே பாடலைச் சேர்த்து முடித்த காணொளியைப் பதிவிறக்கி வேறொரு தளத்தில் ஏற்றினால், பாடல் கூடவே போகும், அனுமதி போகாது.

பதினைந்து வினாடிகளுக்கு மிகாமல் பயன்படுத்தினால் குற்றமில்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூரின் காப்புரிமைச் சட்டம் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விலக்கைத் தருவது உண்மை. ஆனால் பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, படைப்பின் சந்தை மதிப்புக்கு நேரும் பாதிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும். வினாடிக் கணக்கு ஒன்றே போதாது. ‘காப்புரிமையை மீறும் எண்ணமில்லை’ என்று விளக்கப் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுவதாலும் பயனில்லை.

யூடியூப் தளத்தில் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘கன்டென்ட் ஐடி’ முறை, ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியின் ஒலியையும் உரிமையாளர்கள் கொடுத்துவைத்த பதிவுகளோடு தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருத்தம் தெரிந்தால் காணொளியை முடக்குவதா, அதன் விளம்பர வருமானத்தைத் தாமே பெற்றுக்கொள்வதா, பார்வை எண்ணிக்கையை மட்டும் கவனிப்பதா என்பதை உரிமையாளரே தெரிவு செய்கிறார். உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரினால் வரும் எச்சரிக்கை இதைவிடக் கடுமையானது. 90 நாள்களுக்குள் அத்தகைய எச்சரிக்கை மூன்று முறை வந்தால் ஒளிவழியே மூடப்படலாம். பல ஆண்டு நிகழ்ச்சிகளின் பதிவுகள் ஒரே நாளில் போய்விடும்.

தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இசைக்குப் பஞ்சமில்லை. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் கட்டணமில்லாத இசை ஏராளமாக உண்டு. சிலவற்றுக்கு மட்டும் இசைத்தவரின் பெயரை விளக்கப் பகுதியில் குறிப்பிட வேண்டும். படைத்தவரே சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த அனுமதிக்கும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியான இசையும் உண்டு. அந்த உரிமங்களில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை உள்ளதைக் கடைக்காரர்கள் தொடக்கூடாது. ‘மாற்றியமைக்கக் கூடாது’ என்ற நிபந்தனை உள்ள இசையையோ யாருமே காணொளியில் சேர்க்க முடியாது; ஏனெனில் அசையும் படத்தோடு இசையை இணைப்பதையே அந்த உரிமம் மாற்றியமைத்தலாகக் கருதுகிறது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு இலவசம் என்று பொருளில்லை. ஒருமுறை கட்டணம் செலுத்தினால் பயன்பாட்டுக்குப் பயன்பாடு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்பதே பொருள்.

ஆனால் இந்தத் தொகுப்புகளில் நமக்கு வேண்டிய நாதசுர, தவில், பறை இசையைத் தேடி அலுத்துப்போனேன். பொங்கல் காணொளிக்குக் கிட்டார் இசை ஒட்டவில்லை. அப்போதுதான், நம் கையிலேயே இருக்கும் செல்வம் எவ்வளவு என்பது உறைத்தது. தேவாரத்தையும் திருக்குறளையும் பாட யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைகளும் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளும் அப்படியே. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் பொதுவுடைமையாக்கியது. ஆனால் பாரதியின் வரிகளுக்குத் திரையிசையமைப்பாளர் போட்ட மெட்டு பொதுவுடைமை ஆகிவிடாது. புகழ்பெற்ற வித்துவான் பாடிய கீர்த்தனையின் ஒலிப்பதிவும் பொதுவுடைமை அன்று. பாடல் பொதுவாயினும் பதிவு பொதுவாகாது. சிங்கப்பூரில் ஒரு பாடலின் உரிமை, படைத்தவர் மறைந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கிறது என்பதால், 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களை அந்தப் பழம்பாடல்களோடு சேர்த்து எண்ணக் கூடாது.

ஆகவே, பழம்பாடலை நம் கலைஞர்களைக் கொண்டே புதிதாக வாசித்துப் பதிவு செய்துகொள்வதே நேரான வழி. நாதசுரமும் மிருதங்கமும் வீணையும் கற்றுத் தேர்ந்த இளையர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவுக்கும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உருவாக்கியவரே முதல் உரிமையாளர். எனவே எந்தத் தளத்தில், எத்தனை காலம், எந்த நோக்கத்துக்கு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வாசித்தவரின் பெயர் காணொளியில் இடம்பெற வேண்டும். அது அவருக்குச் சட்டம் தந்துள்ள உரிமையும்கூட. அந்தப் பெயரைக்கூடப் போடாமல் நம் கலைஞர்களின் இசையைப் பகிரும் வழக்கம் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

எங்கள் குழு அண்மையில் இரண்டு இளங்கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து, கோயில் ஊர்வலத்தில் நாதசுரத்தில் வாசிக்கும் மல்லாரி ஒன்றையும் நாட்டுப்புறத் தாள இசை ஒன்றையும் ஒரு நிமிட அளவில் பதிவு செய்து, ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் பெற்றிருக்கிறது. இதைத் தனித்தனிக் குழுக்கள் தனித்தனியே செய்வதைவிட, இங்கே தமிழ்ப் புழக்கத்தை ஊக்குவிக்கும் வளர்தமிழ் இயக்கமும் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் இணைந்து, உள்ளூர்க் கலைஞர்களின் இசையைப் பொதுத் தொகுப்பாக உருவாக்கி, பள்ளிகளும் குழுக்களும் சிறு வணிகர்களும் பயன்படுத்த வழிசெய்தால் பேருதவியாக இருக்கும். வரும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு முன்பாகவே இதைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடமுள்ள இரண்டு பதிவுகளையும், கலைஞர்களின் இசைவோடு, அத்தொகுப்புக்கு முதலாவதாகத் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டார வாசகர்