நேபாளத்தில் எங்கே தங்குவது? தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடிக்கிறோம், மேசை நாற்காலியெல்லாம் வாசலில் கிடந்தன, உட்கார்ந்து எழுத இடமில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. அவர் 'எனக்கு இப்போதே நன்றாகத் தெரிகிறது' என்று சொல்லி ஏமாற்றிவிடுவார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பணி ஓய்வுக்கு அப்புறம் முதல் வேலையாக மகளோடு நேபாளம். அவளுக்கு எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க வேண்டும், உனக்கு மலையைப் பார்த்தபடி படுத்துக்கிடக்க ஒரு நல்ல ஹோட்டல் வேண்டும். என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு இரண்டும் வேண்டாம், லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள் என்பேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த மலைகளில் தங்குமிடம் என்பது வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் கிடையாது, உயரத்து மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்று தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு இதுதான். பகலில் இன்னும் உயரே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ராத்திரி படுக்கும் உயரத்தைத் திடீரென்று கூட்டினால் அது பொறுக்காது. அதனால் மேப்பை விரித்ததும் சிகரங்களை விட்டுவிடு, ராத்தங்கல்களை மட்டும் வரிசையாகக் குறித்துப் பார். பயணம் உனக்கு ஒத்துவருமா வராதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நீ படம் அனுப்பிக் கேட்டிருந்த ஹோட்டல் எவரெஸ்ட் வியூவை எடுத்துக்கொள். 1971-ல் ஒரு ஜப்பானியர் கட்டியது, 3,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எவரெஸ்ட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் காட்மாண்டு 1,400 மீட்டர். காலையில் அங்கே டிபன் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் மண் ஓடுதளத்தில் நேரே இறங்கிப் படுத்தால் தலை பிளக்கும். பணம் கொடுத்துத் தலைவலி வாங்குவானேன்? நடந்து வருகிறவர்கள் கீழேயுள்ள நாம்சே என்ற ஊரிலிருந்து மெல்ல ஏறி, அதன் மொட்டைமாடியில் ஒரு காபி குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

மகளின் ஆசையில் வேறு சிக்கல். அந்த நடை தொடங்கும் லுக்லாவின் விமான நிலைய ஓடுதளம் 527 மீட்டர்தான், ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். மேகம் வந்தால் விமானம் கிடையாது. சீசனில் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்தே கிளம்பாது, மந்தலி என்ற ஊருக்கு நடுராத்திரியில் வண்டியில் போய் அங்கிருந்து ஏற வேண்டும். போக வர இரண்டு வாரம் கையில் வேண்டும். அடிவார முகாம் 5,364 மீட்டர். அவள் வயதுக்குச் சரி, உன் முழங்காலுக்கு இது முதல் பாடமாக வேண்டாம்.

லாங்டாங்குக்கு விமானமே வேண்டாம். காட்மாண்டுவிலிருந்து ஜீப், திரிசூலி, துஞ்சே வழியாக சியாப்ருபேசி. கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஆகும். தூரம் அதிகமில்லை, ரோடு அப்படி. மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளித் தள்ளிவிட்டு அதன் மேலேயே வண்டி ஓடும் இடங்கள் உண்டு. முன்சீட் பிடித்துக்கொள். பள்ளத்தைப் பார்க்காமல் மகளிடம் பேசிக்கொண்டே போ. துஞ்சேயில் பெர்மிட் காட்ட வேண்டும். 1976-ல் தொடங்கிய தேசியப் பூங்கா அது, நமக்கு தெற்காசிய (சார்க்) நாட்டவர் என்ற கணக்கில் நுழைவுக் கட்டணம் பாதிதான்.

சியாப்ருபேசி சுமார் 1,500 மீட்டர். அங்கிருந்து லாங்டாங் கோலா ஆற்றை ஒட்டியே ஏற்றம். மூங்கில் புதர், மேலே ஓக், அதற்கும் மேலே ரோடோடெண்ட்ரான் பூமரங்கள். மார்ச் கடைசியில் போனால் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பாக இருக்கும். முசுக்குரங்குக் கூட்டம் கண்ணில் படும். சிவப்பு பாண்டாவும் அந்தக் காட்டில் உண்டு, ஆனால் அதைப் பார்த்தேன் என்று சொல்கிற யாரையும் நான் சந்தித்ததில்லை. முதல் ராத்திரி லாமா ஹோட்டலில். ஹோட்டல் என்றதும் ஏதோ நினைத்துக்கொள்ளாதே, ஒரு குக்கிராமத்துக்கே அதுதான் பெயர். ஆற்றுச் சத்தம் ராத்திரி முழுக்கக் காதில் விழும், தூக்கம் வராதவள் நீ, பஞ்சு எடுத்துப் போ.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். லாமா ஹோட்டல் 2,400 சொச்சம், லாங்டாங் கிராமம் 3,430. ஏஜென்சிகள் ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் விடும். இளவட்டங்கள் தாங்கிக்கொள்வார்கள். நீ நடுவில் கோடா தபேலாவிலோ தங்ஷ்யாப்பிலோ ஒரு ராத்திரி படு. கைடு முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. நான் போனபோது ஏற்பாடு செய்த ஏஜென்சிக்காரர் ஒரு ராத்திரியைச் சத்தமில்லாமல் அட்டவணையிலிருந்து உருவிவிட்டார். கேட்டால் 'மேடம், ஸ்ட்ராங்கா நடக்கிறீங்க' என்று ஐஸ் வைத்தார். அந்த ராத்திரியை மறுபடி சேர்த்த பிறகுதான் நான் நகர்ந்தேன்.

வழியில் தங்கும் விடுதி, அதாவது டீ ஹவுஸ், எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். அறையில் இரண்டு கட்டில், நடுவில் நடக்க ஓர் அடி இடம், சுவரில் ஆணி. பிளைவுட் சுவர், பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டால் நீதான் புரண்டு படுக்க வேண்டும். கனத்த ரஜாய் ஒன்று தருவார்கள், ஆனாலும் ஸ்லீப்பிங் பேக் கொண்டு போ, காட்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். மேலே போகப் போக கழிப்பறை வெளியே. விடியற்காலையில் வாளித் தண்ணீர் மேல் ஐஸ் தட்டியிருக்கும், சொம்பின் அடியால் ஒரு போடு போட்டால்தான் உடையும்.

ஆனால் அறையில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில்தான். நடுவில் இரும்பு அடுப்பு, சுற்றிலும் பெஞ்சு. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் எல்லா நாட்டுக்காரர்களின் சாக்ஸும் ஒன்றாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதன் வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வீட்டுக்காரம்மா ஒரு நோட்டைக் கையில் கொடுப்பார், அதில் நீயே உன் சாப்பாட்டை எழுத வேண்டும். மறுநாள் காலையில் அதே பக்கத்தைக் கூட்டிப் பணம். சாயந்திரம் நாலு மணிக்கே ராத்திரி சாப்பாட்டைச் சொல்லிவிடு. இருப்பது ஒன்றிரண்டு அடுப்பு, பத்து பேர் பத்துப் பண்டம் கேட்டால் பத்தாவது ஆள் பட்டினிதான். தால் பாத் கேள். பருப்பு, சோறு, ஒரு காய், ஊறுகாய், போதும் என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி போடுவார்கள். பீட்சா கேட்டால் வரும், வராமலிருந்திருக்கலாம் என்று தோன்றும்.

விலையைப் பார்த்துப் பதறாதே. அறை வாடகை கொஞ்சம்தான், சாப்பாட்டில்தான் அவர்கள் பிழைப்பு. அதனால் எங்கே படுக்கிறாயோ அங்கேயே சாப்பிடுவது மரியாதை, சில இடங்களில் சாப்பிடாவிட்டால் வாடகையை ஏற்றிவிடுவார்கள். அரிசியும் கேஸ் சிலிண்டரும் கோவேறு கழுதை முதுகிலோ ஆள் முதுகிலோ வருகின்றன, ஏற ஏற விலையும் ஏறத்தான் செய்யும். வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. அந்த நோட்டுக் கணக்கில் பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

லாங்டாங் கிராமத்துக்கு முன்னால் ஓரிடத்தில் காடும் புல்லும் நின்றுவிடும். வெறும் கல், சரளை. 2015 ஏப்ரல் 25, மதியம் 12 மணிக்குச் சற்று முன் நிலநடுக்கம், 7.8 அளவு என்று நாமெல்லாம் டிவியில் பார்த்தோமே, அப்போது லாங்டாங் லிருங் சிகரத்துப் பக்கமிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து ஊர் மேல் விழுந்தன. சில நிமிடத்தில் ஊர் இல்லை. சரிந்து வந்த வேகத்தில் கிளம்பிய காற்று எதிர்ப்பக்கச் சரிவில் நின்ற மரங்களைக்கூட ஒரே திசையில் படுக்கவைத்துவிட்டது. ஊர்க்காரர்களும் வெளிநாட்டுப் பயணிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாறைச் சுவருக்கு அடியில் ஒண்டியிருந்த ஒரே ஒரு கட்டடம்தான் தப்பியது. இன்று பெயர்கள் எழுதிய நினைவுச் சுவர் இருக்கிறது, அதை வலமாகச் சுற்றிப் போக வேண்டும். பிழைத்தவர்கள் காட்மாண்டுவில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சற்றுத் தள்ளி லாட்ஜ்களை மறுபடி கட்டினார்கள். நான் தங்கிய வீட்டில் அந்த அம்மா தானாக எதுவும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு குடும்பப் படத்தை நான் பார்ப்பதைக் கவனித்து, மூன்று முகங்களை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, சூப் ஆறுகிறது என்றார். பூண்டு சூப்.

கடைசி ஊர் கியாஞ்சின் கோம்பா, 3,870 மீட்டர். இங்கே குறைந்தது இரண்டு ராத்திரி. நடுவில் ஒரு பகல் உன் மகளுக்கு: 4,984 மீட்டர் ட்செர்கோ ரி சிகரம். விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும், அப்புறம் மேகம் மூடும். அவளுக்கு வேண்டிய சாகசம் அதிலேயே இருக்கிறது, மூச்சு வாங்கி நாலு எட்டுக்கு ஒரு முறை நிற்பாள். நீ ஊருக்கு மேலேயுள்ள கியாஞ்சின் ரி மலையின் கீழ் முனை வரை போனாலே போதும், பனியாறு காலடியில் தெரியும். அதுவும் வேண்டாமா, சீஸ் தொழிற்சாலைக்குப் போ. 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கியது. யாக் சீஸ் என்று விற்பார்கள், பால் பெரும்பாலும் சௌரியினுடையது, அதாவது யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினம். கடினமாக, லேசாக உப்புக்கரித்து இருக்கும். ஒரு துண்டு வாங்கி வந்து இங்கே தோசை மேல் துருவிப் பார்த்தோம், மோசமில்லை.

உனக்காக இன்னொன்று. முழங்கால் ஒத்துழைத்தால் திரும்பும்போது கோசாயின்குண்டா ஏரி, 4,380 மீட்டர். ஆலகாலம் உண்ட சிவன் தொண்டை எரிச்சல் தாங்காமல் திரிசூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த தண்ணீர் என்பது அங்கத்திய ஐதீகம். ஆவணி அவிட்டப் பௌர்ணமியை அவர்கள் ஜனை பூர்ணிமா என்கிறார்கள், அன்று ஆயிரக்கணக்கில் மழையில் ஏறி வந்து முழுகுவார்கள். உன் தேவாரப் புத்தகத்தோடு கரையில் உட்கார நல்ல இடம், குளிருக்குத்தான் உட்கார முடியாது. இங்கேயும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், துஞ்சேயிலிருந்து ஒரே மூச்சில் ஏறி அங்கே படுக்காதே.

ஏரி வேண்டாம் என்றால், பிரித்திம் கிராமத்தில் தமாங் மக்கள் வீட்டில் ஒரு ராத்திரி. ஹோம்ஸ்டே. அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், அலமாரியில் பித்தளைப் பாத்திரம் வரிசையாக மின்னும். எந்த லாட்ஜையும்விட எனக்கு அதுதான் பிடித்தது. ராஃப்டிங், பாராகிளைடிங் என்று மகள் ஆரம்பித்தால் திரிசூலி ஆறும் பொக்கராவின் சாரங்கோட்டும் இருக்கின்றன. குஷ்மாவில் 228 மீட்டர் பள்ளத்தில் கயிறு கட்டிக் குதிக்கவும் விடுகிறார்கள். அது எனக்கு வேண்டாத வேலை.

இனி சில்லறை விஷயங்கள். விசா வேண்டாம். விமானத்தில் போவதால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம், ஆதாரை நம்பிப் போகாதே. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60, மேலே ஏ.டி.எம். கிடையாது, காட்மாண்டுவிலேயே ரொக்கமாக மாற்றிக்கொள். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி. அது இல்லாவிட்டாலும் வைத்துக்கொள், அந்தப் பள்ளத்தாக்குக்காரராகப் பார்த்துக் கேள். போர்ட்டருக்கு நல்ல செருப்பும் கம்பளி உடையும் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார். நமக்கும் ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்த இன்சூரன்ஸ் வேண்டும். ஆனால் லேசாகத் தலைவலி என்றதும் ஹெலிகாப்டரைக் கூப்பிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் உஷார். தேவையில்லாமல் ஆட்களை ஏற்றி இன்சூரன்ஸ் பணம் பறித்த மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. தலைவலி, பசியின்மை, வாந்தி என்றால் மேலே ஏறாதே. அதிகமானால் ராத்திரியானாலும் கீழே இறங்கு. உயரத்தால் வரும் நோய்க்குத் தரும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உன் டாக்டரிடம் கேள், சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மறக்காமல் சொல்.

தேதி விஷயத்தில் ஒன்று. அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் நம் நவராத்திரியை ஒட்டி அவர்களுக்கு தசைன் பண்டிகை. கைடும் போர்ட்டரும் டிரைவரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களை விட்டுவிட்டுப் பார். மார்ச் கடைசி என்றால் எனக்கும் லீவு கிடைக்கும், நானும் ஒட்டிக்கொள்கிறேன், மூன்று பேர் என்றால் ஜீப் செலவும் குறையும். மகளிடம் கேட்டு இந்த மாதத்துக்குள் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி