படகைக் கொளுத்தியது யார்?

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குக் காது குத்திய போட்டோவையும் பார்த்தேன். மடியில் உட்கார்ந்து அலறுகிற பிள்ளையைவிடப் பக்கத்தில் நிற்கிற நீதான் அதிகமாக அழுதிருக்கிறாய். உடனே பதில் போடாததற்கு முட்டி வலியும் காரணமில்லை, மழையும் காரணமில்லை. வீட்டில் ஒரு துக்கம். பயப்படாதே, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியலுக்கு சுபம் போட்டுவிட்டார்கள்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். போனில் சொன்னபோதே, "சீரியலை நிறுத்தவே மாட்டேங்கிறான்னு ஊரே அழுவுது, நீ என்னடா நிறுத்திட்டான்னு அழுவுற?" என்று கேட்டாயே, அன்றைக்கு வாயடைத்துப் போனேன். இப்போது சாவகாசமாகப் பதில் சொல்கிறேன்.

சேனல் பேர் வேண்டாம், சீரியல் பேரும் வேண்டாம். துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிற ஒரு பொம்பளையின் கதை. அம்மா பிறந்தது முதுநகர் துறைமுகத்துப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். முதல் வாரம் முழுக்கக் குறைதான் சொன்னாள். "கூடைய இப்படியா தூக்குவாங்க? ஐஸ் எங்க? வஞ்சிரத்துக்கு இந்த விலையா?" மூன்றாவது வாரம், "இப்ப இவளுக்கு இடுப்புல கூடை நிக்குது" என்றாள். எழுபத்தெட்டு வயதில் அம்மா ஒரு நடிகைக்குக் கொடுத்த முதல் சர்டிபிகேட் அது. கதையில் மாமியார் விஷம் வைக்கவில்லை, எவளும் மாடிப்படியில் உருளவில்லை, ஒரு முகத்தை மூன்று தடவை காட்டி இடி இடிக்கவில்லை. கடன், வலை, டீசல் விலை, மீன்பிடித் தடைக்காலத்தில் அடகுக்குப் போகிற தோடு, இப்படியே போனது. அறுபத்தொன்றாவது எபிசோடில் அவள் படகை ராத்திரியில் யாரோ கொளுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எண்பத்து மூன்றாவது எபிசோடோடு முடித்துவிட்டார்கள்.

முடித்த விதத்தைக் கேள். முதலில் எட்டு மணியிலிருந்து பத்துக்கு மாற்றினார்கள். எட்டு மணிக்கு அடுத்த சேனலில் ஒரு பெரிய சீரியல், அதோடு மோத முடியவில்லையாம். பிறகு மத்தியானம் இரண்டரை. அது அம்மா தூங்குகிற நேரம், தூக்கத்தை நாலு மணிக்குத் தள்ளிக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை 'கிளைமாக்ஸ் வாரம்' என்று புரோமோ வந்தது. சனிக்கிழமை எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலில் வரிசையாக நின்று சிரித்தார்கள். கடன் கொடுத்தவன் திருந்திவிட்டான். ஓடிப்போன தம்பி திரும்பி வந்துவிட்டான், எங்கே போயிருந்தான் என்று பெற்றவள்கூடக் கேட்கவில்லை. படகைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்த பிறகு, "அப்ப படகைக் கொளுத்துனது யாருடா?" என்றாள். பதினெட்டு வருஷம் கேபிள் விட்டவன் நான், என் தாயாருக்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லாம் டிஆர்பி, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற கணக்கு. வியாழக்கிழமை தோறும் அந்த எண் வரும். பரீட்சை ரிசல்ட் மாதிரி அன்றைக்குச் சேனல்காரனுக்கும் சாப்பாடு இறங்காது, தயாரிப்பாளருக்கும் இறங்காது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? பார்க் (BARC) என்கிற அமைப்பு இந்தக் கணக்கை 2015லிருந்து எடுக்கிறது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் ஒரு மீட்டர் வைப்பார்கள். சேனலின் சத்தத்துக்குள் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புவார்கள், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன். எந்த வீடு என்பது ரகசியம். நாடு முழுக்க அப்படி ஏறக்குறைய 55,000 வீடு. டிவி இருக்கிற வீடுகளோ 21 கோடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 3,800 வீட்டுக்கு ஒரு வீடு. என் கையில் இருந்தது 420 கனெக்‌ஷன். (நம்பரைப் பார்த்து நீ பண்ணுகிற கிண்டலை 1996லேயே பண்ணி முடித்துவிட்டாய்.) என்னை மாதிரி ஒன்பது கேபிள்காரன் சேர்ந்தால்தான் ஒரு மீட்டர் கணக்கு வருகிறது. அந்த ஒரு வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இல்லையென்றால்? பிள்ளை கார்ட்டூனுக்கு அடம்பிடித்தால்? நிபுணர்கள் அதற்கெல்லாம் புள்ளியியல் கணக்கு இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் அந்த சீரியல் ஓடியது, அந்தப் பதினோரு வீட்டையும் யாரும் எண்ணவில்லை. நான் லைன் விட்ட காலத்தில் ஒரு வயர் அறுந்தால் பத்து நிமிஷத்தில் எந்தெந்த வீட்டில் என்ன சீரியல் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும், அத்தனை போன் வரும், அத்தனை திட்டு விழும். அதைவிடத் துல்லியமான டிஆர்பியை நான் பார்த்ததில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நிறுத்தவே மாட்டேங்கிறான் என்கிறாயே, அதுவும் உண்மைதான். 'கோலங்கள்' 2003லிருந்து 2009 வரை, 1,533 எபிசோடு. தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? 2011 டிசம்பர் 30. என் வயர் எல்லாம் மரத்தோடு மரமாகத் தெருவில் கிடந்தது. எங்கள் பக்கம் கரண்ட் வர மூன்று வாரமாயிற்று. டிவியைப் போட்டதும் அம்மா அப்போது பார்த்துக்கொண்டிருந்த சீரியலில், புயலுக்கு முந்தின நாள் நடந்த அதே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது! ஓடுகிறதை ஜவ்வு மாதிரி இழுப்பதும், ஓடாததை மூன்றே மாசத்தில் மூடுவதும் ஒரே கைதான். இரண்டிலும் எப்போது முடிய வேண்டும் என்று கதையைக் கேட்பதில்லை. தூர்தர்ஷன் காலத்தில் பதிமூன்று வாரம் என்று அனுமதி கொடுப்பார்கள், எழுதுகிறவன் பதிமூன்றாவது வாரத்தை மனதில் வைத்துத்தான் முதல் வாரத்தை எழுதுவான். அறுவையும் இருந்தது, அதையும் மறக்கவில்லை. ஆனால் அறுவைக்கும் ஒரு முடிவு இருந்தது.

சேனல்காரனைச் சும்மா திட்டவும் எனக்கு மனசில்லை. தினசரி சீரியல் என்பது அடுப்பில் ஏற்றிய ஓட்டல் மாதிரி, விளம்பரம் வராவிட்டால் விறகு யார் வாங்கித் தருவார்கள்? 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று, திரும்பி வராமலே போன சீரியல்கள் எத்தனை. அதில் வேலை போன லைட்மேனுக்கும் மேக்கப்காரருக்கும் அம்மாவைவிடப் பெரிய துக்கம். சரி.

தம்பி மகள் காலாப்பட்டில் படிக்கிறாளே, போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ் பிடித்து வந்திருந்தாள். பாட்டியின் துக்கத்தைக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, எனக்கு இது பிளஸ் டூவிலயே ஆயிடுச்சு" என்றாள். '1899' என்று நெட்ஃபிளிக்ஸில் ஒன்று வந்ததாம், கடலில் போகிற கப்பல் கதை. 2022 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி பிறந்ததும் அவ்வளவுதான் என்று அறிவித்துவிட்டார்கள். எடுத்தவர்கள் மூன்று சீசனுக்கு மனதில் வைத்திருந்த கதை, எட்டு எபிசோடில் நிற்கிறது. அங்கே மீட்டர் தேவையில்லை. எவன் எத்தனையாவது நிமிஷத்தில் எழுந்து போனான் என்பது வரைக்கும் அவர்களுக்கே தெரியும். எத்தனை பேர் ஆரம்பித்தார்கள் என்று மட்டுமல்ல, எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள் என்றும் பார்க்கிறார்களாம். 21 கோடியில் 55,000 வீட்டை எண்ணினாலும் இதே கதி, ஒருத்தர் விடாமல் எண்ணினாலும் இதே கதி. அப்போது மீட்டரைத் திட்டியது வீண்தானோ என்று எனக்கே தோன்றியது.

அமெரிக்காவில் இது பழைய வியாதி என்று வரிசையாகச் சொன்னாள். 2002ல் ஃபாக்ஸ் சேனலில் 'ஃபயர்ஃபிளை' என்று ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரியில் போட்டு, எபிசோடுகளை முன்னே பின்னே மாற்றிப் போட்டு, முதல் எபிசோடைக் கடைசியில் காட்டினார்களாம்! பதினான்கு எடுத்து, பதினொன்று காட்டி நிறுத்திவிட்டார்கள். பிறகு டிவிடி வாங்கியே ரசிகர்கள் சத்தம் போட, 2005ல் 'செரினிட்டி' என்று சினிமாவாக முடிவு கிடைத்தது. கோட்டக்குப்பம் செரினிட்டி பீச்சுக்குப் போகும்போதெல்லாம் இவளுக்கு அந்த ஞாபகம்தானாம். இதே அமெரிக்காவில் 1982ல் 'சியர்ஸ்' என்கிற சீரியல் முதல் வருஷம் ரேட்டிங்கில் கடைசி வரிசையில் கிடந்தது. பொறுத்தார்கள், 1993 வரை ஓடியது. இன்றைக்கு நாற்று விட்ட மறுநாளே நெல் எங்கே என்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஜெரிக்கோ' என்கிற சீரியலின் கதை. 2007ல் சிபிஎஸ் சேனல் அதை நிறுத்தியது. கடைசி எபிசோடில் கதாநாயகன் சரணடைய மறுத்து "நட்ஸ்" என்பானாம், போடா என்கிற மாதிரி; அந்தச் சொல்லுக்குக் கடலை, கொட்டை என்றும் அர்த்தம். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சேனல் ஆபீசுக்கு வேர்க்கடலையாக அனுப்பினார்கள், ஏறக்குறைய இருபது டன். சேனல் பயந்துபோய் இன்னும் ஏழு எபிசோடு கொடுத்தது. அப்புறம் அதையும் நிறுத்திவிட்டது, அது வேறு. அம்மா இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாமளும் அனுப்பலாமே, பண்ருட்டி முந்திரி." முந்திரி விற்கிற விலையில் அனுப்பினால் சேனல்காரன் பாயசம் வைத்துக் குடித்துவிட்டு அடுத்த சீரியலையும் நிறுத்துவான். பலாப்பழம் என்றால் யோசிக்கலாம், இருபது டன் பலாப்பழம் ரிசப்ஷனில் நாலு நாள் கிடந்தால் எந்தச் சேனலும் இறங்கி வரும்.

கிளம்பும்போது அவள் சொன்னதுதான் இன்னும் மண்டைக்குள் இருக்கிறது. "இப்பல்லாம் முழுசா முடிஞ்ச சீரிஸ் மட்டும்தான் பாக்குறேன் பெரியப்பா. பாதியில ஏமாற முடியாது." அம்மா உடனே, "நானும் அப்படித்தான். புதுசு நூறு நாள் தாண்டட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். இருபது வயசும் எழுபத்தெட்டு வயசும் ஒரே தீர்மானம். இரண்டு பேர்மேலும் தப்பில்லை, சூடு கண்ட பூனைகள். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி நூறு நாள் காத்திருந்தால் எந்தப் புதுக் கதை நூறு நாள் தாண்டும்? முதல் வாரம் எண் விழும், மூன்றாவது மாசம் மூடுவான், 'பார், இதுக்குத்தான் நான் பார்க்கல' என்று இவர்கள் சொல்வார்கள். பார்க்கிறவனின் பொறுமையைச் சேனல்தான் முதலில் கெடுத்தது, இப்போது அந்தப் பொறுமையின்மையையே காரணம் காட்டி மூடுகிறது. முடிச்சு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை மாப்ள. நேற்று ஒரு புதுசு ஆரம்பித்தது, பிடிவாதமாக நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். சகிக்கவில்லை. இன்றைக்கும் பார்த்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி வீட்டுக்காரர் சாலிகிராமத்தில் எடிட்டிங்கில் இருக்கிறார் இல்லையா? அந்த சீரியலுக்கு எழுதினவரை யாராவது பிடித்து, படகைக் கொளுத்தியது யார் என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல். அம்மாவுக்குச் சந்தேகம் நாத்தனார்மேல். எனக்கு ஐஸ் கம்பெனிக்காரன்மேல். எழுதினவரே இன்னும் முடிவு பண்ணியிருக்கவில்லை என்றால் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஐஸ் கம்பெனிக்காரன்தான் என்று அவர் சொன்னதாக ஒரு வரி எழுதிப் போடு, நான் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் கேபிள்காரன்