செவுள் நோயும் நன்னீர்க் குளியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மன் மீன்களைத் தாக்கும் அமீபா செவுள் நோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், நன்னீரில் குளிப்பாட்டினால் அந்நோய் முற்றிலும் நீங்கிவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. மீன் நோயியல் படித்தவன் என்ற முறையில், 'முற்றிலும்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது.

1980களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவுப் பண்ணைகளில் தலைகாட்டிய இந்நோய்க்குக் காரணமான நியோபாராமீபா பெருரான்ஸ் என்ற அமீபா 2007இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. (அதுவரை பழி அதன் உறவினம் ஒன்றின்மீது கிடந்தது.) அமீபா ஒட்டிய இடத்தில் செவுளின் மெல்லிய மடிப்புகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சளியும் மிகுதியாகச் சுரப்பதால் மீன் மூச்சுவிடும் பரப்பு சுருங்கிப்போகிறது.

ஆற்றில் பிறக்கும் சால்மன் நன்னீரைத் தாங்கும். கடலில் வாழும் அமீபா தாங்காது. இந்த வேறுபாட்டை நம்பித்தான் மீன்களைத் தார்ப்பாயில் நிரப்பிய நன்னீருக்கோ, தொட்டிகள் பொருத்திய கப்பலுக்கோ மாற்றி, ஆக்சிஜன் செலுத்தியபடி 2 முதல் 4 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான அமீபாக்கள் மடிந்தோ பிடிவிட்டோ சளியோடு உதிர்ந்துவிடும் என்பது உண்மையே. அதிலும் கடின நீரைவிட மென்னீர் நன்றாக வேலை செய்கிறது. ஆயினும் மடிப்புகளுக்கிடையே சில தப்பிவிடுகின்றன. மீன் திரும்பிச் செல்லும் கடல்நீரிலும் அவை காத்திருக்கின்றன. ஆகவே கடல் வெப்பம் ஏறிய பருவத்தில் சில வாரங்களிலேயே அடுத்த குளியல் தேவைப்பட்டுவிடுகிறது.

நன்னீர் போதிய அளவு கிடைக்காத இடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கடல்நீரில் ஏறத்தாழ 20 நிமிடம் வைக்கும் முறையும் உண்டு. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் அதைக் கையாண்டிருக்கிறார்கள். அமீபாவைக் கொல்லும் அளவுக்கும் செவுளையே புண்ணாக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நீர் வெதுவெதுப்பானால் அது இன்னும் குறுகும். நோய் உச்சத்தில் இருப்பதோ அதே வெதுவெதுப்பான மாதங்களில்! கட்டுரை இந்த முரணைத் தொடவே இல்லை.

குளிப்பாட்டும் முறையைவிட, எப்போது குளிப்பாட்டுகிறோம் என்பதே முக்கியம் என்பேன். கூண்டிலிருந்து சில மீன்களை எடுத்து, மயக்கமருந்து கொடுத்து, செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சிவந்த இழைகளின்மேல் வெளிறிய சளித்திட்டுகள் தெரியும். அவற்றின் பரப்பைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது வழக்கம். ஓரிரு சிறு திட்டுகள் மட்டுமே உள்ள நிலையில் முடிவெடுத்தால் மீன் குளியலைத் தாங்கும். செவுளில் பாதி வெளுத்த பின் அதே மீனை நெருக்கிச் சேர்த்து, குழாய்வழி ஏற்றி இறக்கினால், மூச்சுக்கே தவிக்கும் அது சிகிச்சையின்போதே இறக்கக்கூடும். பிறகு பழி நன்னீரின்மீது விழும்.

ஆகவே இனி இப்பொருள் குறித்து எழுதும்போது, எத்தனை மீன்கள் பிழைத்தன என்பதோடு, குளியலுக்கு முன்னும் பின்னும் செவுள் மதிப்பெண் என்ன, அடுத்த குளியல் எத்தனை நாளில் தேவைப்பட்டது என்பவற்றையும் பண்ணையாளரிடம் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்